மின் என்னும் சொல்லும் மின்னாற்றலும்

எலெக்ட்ரிசிட்டி என்பதனை நாம் மின்சாரம் என்றும் மின்னாற்றல் என்றும் வழங்குகின்றோம். இவை நேர் மொழிபெயர்ப்பு எனக் கருதுவார் பலர். சொற்பொருளை நோக்கின் அவ்வாறன்று. ஐரோப்பியச் சொல்லில் மின்னலுக்கு இடமே இல்லை.

கிரேக்கர் எலெக்ட்ரான் என்றது அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினை. தேய்த்த அம்பர் துரும்பை ஈர்க்கும். எலிசபெத்து அரசியின் மருத்துவராய் விளங்கிய வில்லியம் கில்பர்ட்டு, 1600-இல் வெளியிட்ட காந்தம் பற்றிய இலத்தீன் நூலில், கண்ணாடி, கந்தகம், அரக்கு முதலியனவும் அங்ஙனம் ஈர்க்கும் எனக் காட்டி, அம்பரின் இயல்புடையன என்னும் பொருள்பட அவற்றிற்குப் பெயரிட்டார். பாரசீகரோ அம்பரைத் ‘துரும்பு கவர்வது’ என்னும் பொருளில் காஹ்ருபா என்றனர். அதன் திரிபாகிய கஹ்ரபா என்பதே இன்று அரபு மொழியில் மின்சாரத்தின் பெயர்.

துரும்பை இழுக்கும் அச்சிற்றாற்றலும் வானைப் பிளக்கும் ஒளியும் ஒன்றே என்பதனைச் சிலர் முன்னரே கருதினரேனும், 1752-இல்தான் அது மெய்ப்பிக்கப்பட்டது. பெஞ்சமின் பிராங்கிளின் வகுத்த முறைப்படி, அவ்வாண்டு மே 10-ஆம் நாள், பாரிசுக்கு அண்மையிலுள்ள மார்லி என்னும் ஊரில், தலிபார் நிறுத்திய நெடிய இரும்புக் கோலிலிருந்து இடிமுகிலின்கீழ்ப் பொறி எழுந்தது. நிறுத்தியவர் அப்பொழுது அங்கில்லை. காவலுக்கு வைத்த முன்னாட் படைவீரர் ஒருவர் அதனைக் கண்டார்! மறு ஆண்டில், பீட்டர்சுபர்க்கு நகரில் இத்தகைய ஆய்வில் ஈடுபட்ட ரிக்மன் உயிர் துறந்தார்.

ஆகவே, அம்பரால் பெயரிட்டோர் முதற்கண் கண்டதனைக் குறித்தனர். மின்னலால் பெயரிட்டோர் பின்னர்த் தெளிந்ததனைக் குறித்தனர். நம் சொல் 1752-இன் முடிபைத் தன்னகத்தே கொண்டுள்ளது. வடமொழி வித்யுத்தும் இவ்வகையினதே. சீனத்திலும் மின்னலுக்குரிய பழஞ்சொல்லே இதற்குப் பெயராயிற்று.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். தொல்காப்பியர் புள்ளிமயங்கியலில் பின், பன், கன் என்பவற்றொடு மின் என்பதனையும் எடுத்தோதிப் புணர்ச்சி கூறினார். இத்தொன்மை கொண்டு, பண்டைத் தமிழர் மின்னாற்றலை அறிந்திருந்தனர் எனச் சாதிப்பது பொருந்தாது. அவர்க்கு மின் என்பது ஒளியே. தேய்த்த பிசினின் ஈர்ப்போடு அதனை இணைத்துக் காண அந்நாளில் வழியில்லை.

1800-இல் வோல்ட்டா துத்தநாகத் தட்டுகளையும் வெள்ளித் தட்டுகளையும், இடையிடையே உப்புநீரில் தோய்ந்த அட்டை வைத்து அடுக்கி, இடையறாத ஓட்டத்தைப் பெற்றார். கம்பியில் ஓடும் அவ்வாற்றல் கண்ணுக்கு ஒளிர்வதில்லை. எனினும் அதனை மின்னோட்டம் என்றே கூறுகின்றோம். மின்மினியில் ஒளியை உணர்த்தும் அதே சொல், மின்விசிறியில் ஒளிப்பொருளை அறவே விட்டு நிற்கின்றது.