பேராக்கில் ஒரு தோல் பட்டறை

வீடியோ விளையாட்டின் மாய நகரங்களில் தோல் பட்டறை என்றால் பெரும்பாலும் ஒரு மரச்சட்டமும் அதில் விரித்த தோலும்தான். 2011இல் வந்த ஸ்கைரிமில் கரடித் தோலைச் சட்டத்தருகே கொண்டுபோனால், மறுநொடியே பதனிட்ட தோல் கைக்கு வந்துவிடும். ஆட்டம் வேகமாக நகர அது தேவைதான். ஆனால் பட்டறை எங்கே இருக்க வேண்டும், உள்ளே எது எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதை வேதியியலே சொல்லிவிடும். அது கேட்கும் நிலம் நம் பேராக்கில் அப்படியே இருக்கிறது.

உரித்த தோல் ஈரமாகக் கிடந்தால் அழுகும், காய்ந்தால் விறைத்துப்போகும். இரண்டிலிருந்தும் காப்பதே பதனிடல். முதலில் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட வேண்டும். அதன் காரம் முடியின் வேரைத் தளர்த்தி, தோலின் நார்களையும் நெகிழ்த்தும். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் நிறையவே நிற்கின்றன. கழுவுவதற்குக் கிந்தா ஆறு இருக்கிறது. ஆனால் ஆறு ஊரைத் தாண்டிய பிறகே பட்டறை வர வேண்டும். மேலே வைத்தால் அதன் கழிவைத்தான் ஊர் குடிக்கும். வேலூர்ப் பக்கம் பாலாற்றைத் தோல் ஆலைகள் கெடுத்த வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம்வரை போய், 1996இல் தீர்ப்பானது. மாய உலகத்திலும் இந்த ஆற்று நியாயம் இருந்தால்தான் அந்த ஊரை நம்ப முடியும்.

அடுத்து வேண்டியது மரப்பட்டை. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் என்றால், பேராக்கில் மாத்தாங் சதுப்புநிலக் காடு. ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி வெட்ட 30 ஆண்டு காத்திருக்கும் முறை அங்கே உண்டு. அங்குள்ள கோலா செப்பெத்தாங் கரிச்சூளைக்குள் பாக்காவ் என்னும் சதுப்புநில மரம் போகுமுன் அதன் பட்டையை உரித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டையில்தான் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் செறிந்திருக்கிறது. பாலில்லாத கடுந்தேநீர் குடித்தால் நாக்கு வறளுவது, எச்சிலின் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால். தோலிலும் அதே வேலை நடக்கிறது. மூன்று இழை முறுக்கிய கொலாஜன் நாரை டானின் பற்றிக்கொண்டு, நீரை வெளியேற்றி, கிருமிக்கு இடமில்லாமல் செய்கிறது.

இங்கேதான் பட்டறையின் அழகு. தொட்டி ஒன்றல்ல, வரிசையாகப் பல. முதல் தொட்டியில் பட்டைச் சாறு வெளிறியிருக்கும்; போகப்போகச் சிவந்து, கடைசித் தொட்டி கருஞ்சிவப்பாக நிற்கும். எடுத்த எடுப்பிலேயே கடுஞ்சாற்றில் போட்டால் தோலின் மேற்பரப்பு மட்டும் இறுகி, உள்ளே சாறு இறங்காமல் நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். அதனால் வாரக்கணக்கில், தடித்த தோலென்றால் மாதக்கணக்கில், தொட்டி தொட்டியாக மாற்றிக்கொண்டே போவார்கள். ஆட்டக்காரர் அந்த வரிசையோரம் நடந்தாலே, ஒருவர் விளக்காமலே, காலம் கடப்பது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று: தொட்டிக்குள் இரும்பு கூடாது. இரும்பும் டானினும் சேர்ந்தால் கறுப்பு. பழங்காலத்து எழுதும் மை வகை ஒன்று அந்தக் கூட்டில்தான் பிறந்தது. இரும்புக் கொப்பரையை வரைகிற ஓவியர் இதைக் கவனிக்க வேண்டும். மரத்தொட்டியே சரி.

ஒரு மூலையைப் பதனிடாத தோலுக்கு ஒதுக்க வேண்டும். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் முழங்கும் தப்புக்குப் பச்சைத் தோலைத்தான் இழுத்துக் கட்டுகிறார்கள். பதனிட்ட தோல் நெகிழ்ந்து ஒலியை விழுங்கிவிடும். அடிக்குமுன் தீயில் காட்டுவது, ஈரம் போய் நார் இறுகி, ஒலி கணீரென்று எழுவதற்காக. டானின் பிடித்த நாருக்கும் பிடிக்காத நாருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் எனக்குத் தெரியவில்லை. மாய உலகத்துப் பட்டறையில் தப்பு ஒன்று தொங்கட்டும். அது நம் பங்காக இருக்கட்டும்.

ஈப்போவில் விளையாட்டு வடிவமைப்புப் பயிலும் பிள்ளைகளே, கணினியைத் திறக்குமுன் ஒருநாள் கோலா செப்பெத்தாங் போய்வாருங்கள். உரித்துப் போட்ட பாக்காவ் பட்டையைக் கையிலெடுத்துப் பாருங்கள். தோட்டத்தில் தப்படிக்கும் பெரியவர் யாராவது இருந்தால், தோலை எப்படிக் காயவைப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.