ரகசியம் எத்தனை பேரைத் தாங்கும்?

1323-இல் டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, உற்சவரான அழகிய மணவாளரைச் சிலர் ரகசியமாக வெளியே கொண்டுபோனார்கள். பல ஊர் அலைந்து, கடைசியில் திருமலைக் காட்டில் மூன்றே பேர் காவலில் அந்தத் திருமேனி இருந்தது என்கிறது கோயில் மரபு. 1371-இல் விஜயநகரத் தளபதி கோபண்ணர் அதை மீட்டு வந்தபோது, கோயிலில் வேறொரு திருமேனியை எழுந்தருளப்பண்ணியிருந்தார்கள். பழையவர் யார் என்று சொல்ல ஆளில்லை. முன்பு பெருமாளின் வஸ்திரம் துவைத்த ஈரங்கொல்லி ஒருவர், பார்வை போன முதுமையில், இரு திருமேனிகளின் ஈரவாடைத் தீர்த்தத்தையும் (நீராட்டிய ஆடையைப் பிழிந்த நீர்) பருகிப் பார்த்து அடையாளம் சொன்னாராம். அந்த மறைப்பு அத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் மிகச் சிலர்; அவர்களும் உயிரைக் கொடுத்துக் காக்கத் துணிந்தவர்கள். எந்தச் சதிக் கதையைக் கேட்டாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இது உண்மையானால் எத்தனை பேர் வாய் திறக்காமல் இருந்திருக்க வேண்டும்?

2017 பிப்ரவரியில் திருச்சி உட்படத் தமிழகமெங்கும் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கியதும், இது பிள்ளைகளைக் கெடுக்கும் சதி என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. பயந்துபோன பெற்றோர் பலர் மறுத்தார்கள். அந்தச் சதி நடக்க வேண்டுமானால் புனேயில் மருந்து தயாரிப்பவர்கள், அதைச் சோதிப்பவர்கள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், ஊசி போடும் கிராம செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் உடந்தையாக வேண்டும். அவர்களில் பலரின் பிள்ளைகளும் அதே பள்ளிகளில் படித்தார்கள். இதே போல, நிலவுப் பயணம் பொய் என்றால் சுமார் 4,11,000 பேர் மறைத்திருக்க வேண்டும், நான்கு ஆண்டுக்குள் அது வெளிப்பட்டிருக்கும் என்று இயற்பியலாளர் டேவிட் ராபர்ட் கிரைம்ஸ் 2016-இல் கணக்கிட்டார். எண்ணில் தகராறு செய்யலாம். ஆள் கூடக் கூட ரகசியம் கசியும் என்பதில் தகராறில்லை.

அரசுகள் உண்மையிலேயே கொடுமை செய்ததில்லையா என்று கேட்பார்கள். செய்திருக்கின்றன. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலே அரசு மருத்துவர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே சந்தேகப்படுவது மடமை அல்ல. ஆனால் அது வெளிவந்த விதத்தைப் பாருங்கள்: அதே அரசுச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன், தன் பெயரில் எதிர்ப்பு எழுதி, பிறகு ஆவணங்களைச் செய்தியாளரிடம் கொடுத்தார். ஆளும் தாளும் இருந்தன. தடுப்பூசி வதந்தியில் இரண்டும் இல்லை. ஆதாரம் இல்லாததே சதியின் சாமர்த்தியம் என்று வாதிட்டால், எந்தச் சான்றாலும் தவறென்று காட்ட முடியாத ஒன்றை நம்பச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வருமா, வந்தால் யாரிடம் போவது என்ற பெற்றோரின் கேள்வி வேறு. அதற்குச் சுகாதாரத் துறை அன்றைக்கே, பள்ளி வாசலிலேயே பதில் சொல்லியாக வேண்டும்.