தடம் பிடிக்கும் தொலைநோக்கி

டச்சு மொழியில் 'லேரன்' என்றொரு வினைச்சொல் உண்டு. கற்பதற்கும் அதுதான், கற்பிப்பதற்கும் அதுதான். கோதிக் என்னும் பழைய ஜெர்மானிய மொழியில் 'லைஸ்' என்றால் 'அறிவேன்'. 'லைஸ்யன்' என்றால் 'அறியச் செய்'. வேரைத் தோண்டிக்கொண்டே போனால் தடம், உழவுசால் என்ற பொருளில் போய் நிற்கிறது. லத்தீனில் உழவுசாலுக்கு 'லீரா' என்று பெயர். அதுவும் இந்தக் குடும்பம்தான். தடம் பிடித்துப் போனவனே அறிந்தவன் என்று அந்த ஆதி மனிதர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

அந்தப் பழம்பொருளை இரவெல்லாம் செய்துகாட்டும் இயந்திரம் ஒன்று நம் ஜவ்வாது மலையில் இருக்கிறது. சாமை விளையும் கொல்லைகளைத் தாண்டிப் போனால் காவலூர் வான் ஆய்வகம். 1986 முதல் இயங்கும் அதன் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம்.

ஆடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அசையாமல் நின்றால் பயனில்லை. பூமி சுழல்வதால் விண்மீன் மணிக்கு 15 பாகை மேற்கே நகர்கிறது. முழுநிலா அளவு தூரத்தை 2 நிமிடத்தில் கடந்துவிடும். அதனால் தொலைநோக்கியின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக, காவலூரின் அட்சரேகைக்கு ஏற்ப ஏறத்தாழ 12.5 பாகை சாய்த்திருக்கிறார்கள். மோட்டார் அதை மெல்லத் திருப்ப, கருவி விண்மீனை விடாமல் தொடர்கிறது. மங்கலான ஒளி சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து படமாகிறது.

இப்படித் தொடர்ந்து எடுக்கும் படத்தில் விண்மீன்கள் புள்ளியாக நிற்கும். அவற்றினிடையே தன் போக்கில் நகரும் சிறுகோள் சின்னக் கோடாக விழும். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் இங்குள்ள 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியால் கண்டுபிடித்த சிறுகோள் 4130, இன்று ராமானுஜன் என்ற பெயரில் சூரியனைச் சுற்றுகிறது.

காவலூரைத் தேர்ந்தெடுத்த வைனு பாப்பு 1949-இல் ஹார்வர்டில் மாணவர். அங்கே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அதன் பெயரில் அவரோடு சக மாணவர் நியூகர்க்கும் பேராசிரியர் பார்ட் போக்கும் இருக்கிறார்கள். போக் நெதர்லாந்தின் ஹோர்ன் ஊரில் பிறந்தவர். ஆசிரியரும் மாணவரும் அன்று செய்ததற்கு அவருடைய தாய்மொழியில் ஒரே சொல்தான்.

பெரிய தொலைநோக்கி முடியுமுன்பே, 1982-இல் பாப்பு காலமானார். அது இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பொதுமக்களை அனுமதிக்கும் நாளை விசாரித்துக்கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துப் போய்ப் பாருங்கள்.