மருந்தா? அறுவைச் சிகிச்சையா?

ஞாயிற்றுக்கிழமை மதியம். லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையிலுள்ள ஓர் உணவகத்தில் வாழையிலை விரிக்கப்படுகிறது. சோறு, குழம்பு, பொரியல், அப்பளம் என இலை நிறைகிறது. ஒருவர் பாதியிலேயே “போதும்” என்கிறார். பக்கத்தில் இருப்பவர் மறுசோறு கேட்கிறார். அவரை “வாயைக் கட்டத் தெரியாதவர்” என்று குறைகூறுவது எளிது. ஆனால், பசியையும் நிறைவையும் தீர்மானிப்பதில் குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் ஹார்மோன்களுக்கும் பெரும் பங்குண்டு. அதனால்தான் உடல் பருமனை மருத்துவர்கள் நீண்டகால நோயாகக் கருதிச் சிகிச்சை அளிக்கின்றனர்.

சிங்கப்பூரில் 2019-2020ஆம் ஆண்டில் 10.5 விழுக்காடாக இருந்த உடல் பருமன் விகிதம், 2023-2024ஆம் ஆண்டில் 12.7 விழுக்காடாக உயர்ந்தது. இதைக் கணக்கிட உடல் எடைக் குறியீடு பயன்படுகிறது. ஒருவரின் எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இக்குறியீடு கிடைக்கும். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு, இதயநோய் ஆகியவை வரக்கூடும். எனவே, சிங்கப்பூரில் 23க்கு மேல் மிதமான ஆபத்து என்றும் 27.5க்கு மேல் அதிக ஆபத்து என்றும் வகுத்துள்ளனர்.

எடுத்துக்காட்டாக, 1.65 மீட்டர் உயரமும் 90 கிலோகிராம் எடையும் கொண்ட ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். அவருடைய குறியீடு ஏறத்தாழ 33. உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் பலமுறை முயன்றும் அவருக்கு எடை குறையவில்லை. அவர்முன் இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, மருந்து. உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன், “வயிறு நிறைந்தது” என்று மூளைக்கு உணர்த்துகிறது. செமகுளூட்டைட் போன்ற மருந்துகள் அந்த ஹார்மோனைப் போலவே செயல்படுகின்றன. வாரம் ஒருமுறை ஊசிவழி இதனைச் செலுத்திக்கொள்ளலாம். 2021இல் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவு இல்லாதவர்கள் 68 வாரங்களில் சராசரியாக ஏறத்தாழ 15 விழுக்காடு எடை குறைந்தனர். 90 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 13.5 கிலோகிராம். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் போன்ற பக்கவிளைவுகள் வரலாம். அதனால், சிறிய அளவில் தொடங்கி மெதுவாகவே அளவைக் கூட்டுவர். மருந்தை நிறுத்தினால் பசி திரும்பும். அதே ஆய்வில் பங்கேற்றவர்கள் மருந்தை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை மீண்டும் பெற்றனர். மருந்து தொடரும்வரை செலவும் தொடரும்.

இரண்டாவது, அறுவைச் சிகிச்சை. பரவலாகச் செய்யப்படும் முறையில், வயிற்றில் சிறு துளைகளிட்டு இரைப்பையின் முக்கால் பங்கிற்கும் மேலான பகுதியை அகற்றுவர். மீதமிருப்பது ஒரு வாழைக்காயைப் போன்ற குறுகிய குழாய். பசியைத் தூண்டும் ஹார்மோனும் குறைகிறது. ஓரிரு ஆண்டுகளில் கால் பங்கு எடைவரை குறையக்கூடும். ஆனால், வெட்டியெடுத்த இரைப்பையை மீண்டும் பொருத்த இயலாது. இரத்தக்கசிவு, தையலிட்ட இடத்தில் கசிவு போன்ற ஆபத்துகள் சிலருக்கு ஏற்படலாம். வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாக உண்ணவேண்டும். வைட்டமின் மாத்திரைகளும் தேவைப்படும். கவனம் தவறினால் எடை மீண்டும் கூடலாம்.

யாருக்கு எது பொருந்தும்? குறியீடு 37.5ஐ எட்டியவர்களுக்கும், 32.5ஐ எட்டி அத்துடன் பருமன் சார்ந்த நோயும் உள்ளவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டு வந்துள்ளது. மருத்துவக் காரணத்திற்காகச் செய்தால் மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம். மேற்கூறிய நபர் இந்த அளவுகோலுக்குள் வருகிறார். எனினும், அறுவைச் சிகிச்சை அவருக்குக் கட்டாயமன்று. நீண்டகாலம் ஊசி போட்டுக்கொள்ள முடியுமா, திரும்பப் பெற முடியாத மாற்றத்தை ஏற்க மனம் ஒப்புகிறதா என்பவற்றை அவர் மருத்துவர், உணவியல் நிபுணர், குடும்பத்தார் ஆகியோருடன் கலந்துபேச வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அன்றாடப் பழக்கம் மாறவேண்டும். அதற்குக் குடும்பத்தின் துணை தேவை. “இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்” என்று வற்புறுத்துவதும், “ஊசி போட்டுத்தான் இளைத்தாயா?” என்று கேலி செய்வதும் அவரைத் தளரச் செய்யும். அடுத்தமுறை வாழையிலை விரிக்கப்படும்போது, அவர் “போதும்” என்றால் அதை மதிப்பதே உடனிருப்பவர்கள் செய்யும் பெரிய உதவி.