பாஸ்வேர்டை ஊகிப்பவரைத் தடுப்பது யார் பொறுப்பு?

2009 ஜனவரியில் 18 வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் சிறிய நிரல் ஒன்றை எழுதினார். ட்விட்டர் ஊழியர் ஒருவரின் லாகின் பக்கத்தில் அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலை. இரவு முழுக்க அது ஓடியது. மறுநாள் பார்த்தபோது 'ஹாப்பினஸ்' என்ற சொல்லுக்குக் கணக்கு திறந்திருந்தது. அது நிர்வாக அதிகாரம் உள்ள கணக்கு. அதிலிருந்து யாருடைய பாஸ்வேர்டையும் மாற்ற முடியும். அதிபராகத் தேர்வாகிப் பதவியேற்கக் காத்திருந்த பராக் ஒபாமாவின் கணக்கும் அப்படிக் கைமாறியது. 500 டாலருக்கு இலவச பெட்ரோல் வெல்லலாம் என்று அதிலிருந்து ஒரு செய்தி போனது.

எளிய சொல்லை பாஸ்வேர்டாக வைத்தது அந்த ஊழியரின் தவறுதான். ஆனால் இரவெல்லாம் தவறான பாஸ்வேர்டு வந்துகொண்டே இருந்தும் ட்விட்டரின் சர்வர் ஒருமுறைகூடத் தடுக்கவில்லையே, அதுதான் பெரிய தவறு. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தன் புகாரில் இதையும் சேர்த்தது. 2010-இல் ட்விட்டர் ஆணையத்துடன் சமரசத்துக்கு வந்தது.

ஏடிஎம் பின் எண்ணில் நான்கு இலக்கங்கள்தான். மொத்தமே 10,000 வாய்ப்புகள். அப்படியும் அது தாக்குப்பிடிக்கக் காரணம், சில முறை தவறினால் வங்கி கார்டை முடக்கிவிடுவதே. இணையதளத்துக்கும் இதே கணக்குதான். நொடிக்கு 100 முயற்சிகளை அனுமதித்தால் 10,000 பிரபலமான பாஸ்வேர்டுகளை 100 நொடியில் சோதித்துவிடலாம். மணிக்குப் பத்து என்று கட்டுப்படுத்தினால் அதே வேலைக்கு 41 நாட்களுக்கு மேல் பிடிக்கும்.

முயற்சிகளை எதை வைத்து எண்ணுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஐந்து தவறுக்குப் பிறகு கணக்கை ஒரேயடியாகப் பூட்டினால், வேண்டாதவர் யாரும் வேண்டுமென்றே ஐந்து முறை தப்பாக அடித்து உங்களை வெளியே நிறுத்திவிடலாம். ஆகவே பூட்டுவதைவிட, ஒவ்வொரு தவறுக்கும் காத்திருப்பு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் நியாயமான வழி என்பேன். ஐபி முகவரியை வைத்து மட்டும் எண்ணுவதும் போதாது. 2013 ஏப்ரலில் வேர்ட்பிரஸ் தளங்களில் 'அட்மின்' என்ற பயனர்பெயரைக் குறிவைத்த தாக்குதல் 90,000-க்கும் மேற்பட்ட முகவரிகளிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டது. போதாததற்கு, செல்போன் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதுண்டு. அதைத் தடுத்தால் அத்தனை பேருக்கும் லாகின் நின்றுபோகும்.

இன்னொரு உத்தியில் தாக்குபவர் ஒரு கணக்கையே பிடித்துக்கொண்டு முட்டுவதில்லை. ஒரே பாஸ்வேர்டை நிறைய கணக்குகளில் ஓரிரு முறை மட்டும் சோதித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். எந்தக் கணக்கிலும் தவறுகள் வரம்பைத் தாண்டுவதில்லை. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டுக்குள் ஒரு கும்பல் இப்படித்தான் நுழைந்தது. அவர்களுக்கு வழிவிட்டது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாமல் கிடந்த ஒரு பழைய சோதனைக் கணக்கு. இதைப் பிடிக்க வேண்டுமானால் தளம் முழுவதும் தோல்வியடையும் லாகின்கள் திடீரென்று கூடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

வேறொரு தளத்தில் கசிந்த பாஸ்வேர்டை அப்படியே கொண்டுவருபவரோ ஊகிக்கவே வேண்டியதில்லை. பல நேரம் முதல் முயற்சியிலேயே நுழைந்துவிடுகிறார். அதனால் புதிய பாஸ்வேர்டு வைக்கும்போதே அது கசிந்த பட்டியல்களில் இருக்கிறதா என்று தளம் சோதித்து மறுக்க வேண்டும். ஓடிபி போன்ற இரண்டாம் கட்டத்தையும் கட்டாயமாக்க வேண்டும். நிர்வாகிகளின் கணக்கில் அதற்கு விலக்கே கூடாது. 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் 2023-இல் வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளால் நேரடியாகத் திறக்கப்பட்டவை சுமார் 14,000 கணக்குகள். உறவினரைத் தேடும் வசதி வழியாக அவற்றோடு இணைந்திருந்த சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களும் வெளியேறின. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை அந்நிறுவனம் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது அதற்குப் பிறகுதான்.