ஸ்வரம் வளையும், வீட்டிலேயே செய்யலாம் "மிடி" கருவி

புது தில்லி: தில்லி செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட், மின்னணு உதிரி பாகங்களுக்குப் பெயர் பெற்ற சந்தை. இத்தகைய சந்தையில் கிடைக்கும் சில பாகங்களைக் கொண்டு, கணினியில் இசையமைக்க உதவும் "மிடி" கட்டுப்பாட்டுக் கருவியை வீட்டிலேயே செய்துவிட முடியும். செலவு குறைவு என்பது மட்டுமல்ல இதன் சிறப்பு. இந்திய இசை உலகின் நெடுநாள் விவாதம் ஒன்றுக்கும் இதில் விடை இருக்கிறது.

1940-ம் ஆண்டு அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. ஆர்மோனியத்தின் கட்டைகள் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு என நிலைத்தவை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகமும், ஹிந்துஸ்தானி இசையின் "மீண்ட்" அசைவும் அதில் எழாது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். ரவீந்திரநாத் தாகூரும் அத்தடையை ஆதரித்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் பிறந்த இத்தடை, சுதந்திரத்துக்குப் பின்னும் 24 ஆண்டுகள் நீடித்து, 1971-ல்தான் தளர்த்தப்பட்டது.

அதே பன்னிரண்டு கட்டைகள்தான் இன்று கணினியுடன் இணைக்கப்படும் விசைப்பலகையிலும் உள்ளன. ஸ்வரத்தை வளைக்க அதன் ஓரத்தில் சிறு சக்கரம் இருப்பது உண்மைதான். ஆனால், நுட்பமான கமகத்துக்கு அதன் குறுகிய அசைவு போதுமானதாக இல்லை.

ஒலி அல்ல, கட்டளை

"மிடி" என்பது 1983-ல் நடைமுறைக்கு வந்த பொது மொழி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷி ஆகியோர் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தனர். போட்டி நிறுவனங்களின் கருவிகளும் தமக்குள் பேசிக்கொள்ள இது வழிசெய்தது. உரிமக் கட்டணம் இல்லாததால், வீட்டில் கருவி செய்பவருக்கும் இம்மொழி சொந்தமாயிற்று.

இதில் ஒலி பயணிப்பதில்லை. எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளை மட்டுமே பயணிக்கிறது. சாதாரணக் கட்டுப்பாட்டுக் கட்டளைக்கு 0 முதல் 127 வரை 128 படிகளே உண்டு. ஸ்வரத்தை வளைக்கும் கட்டளைக்கு மட்டும் 16,384 படிகள். கமகத்துக்கான இடம் இங்கேதான் இருக்கிறது.

செய்முறை

ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ பலகை ஏற்றது. யு.எஸ்.பி. வழியே கணினி அதை நேரடியாக இசைக் கருவியாக ஏற்கும். 100 மி.மீ. நகர்வு கொண்ட நேர்கோட்டு மின்தடை மாற்றி ஒன்றும், சில பொத்தான்களும் தேவை. மாற்றியின் நடு முனையைப் பலகையின் அனலாக் முனையில் பற்ற வைக்க வேண்டும். மற்ற இரு முனைகள் மின்சாரத்துக்கும் தரைக்கும் செல்லும்.

பலகை 0 முதல் 1023 வரை படிக்கும் அளவை 16-ஆல் பெருக்கி, வளைவுக் கட்டளையாக அனுப்புமாறு நிரல் எழுத வேண்டும். வளைவின் எல்லையை மேலே இரண்டு, கீழே இரண்டு அரை ஸ்வரங்கள் என வைத்தால், ஒவ்வோர் அரை ஸ்வரத்துக்கும் 25 மி.மீ. நீளமும் 256 படிகளும் கிடைக்கின்றன. விரல் வழுக்கினால் ஸ்வரமும் வழுக்கும்.

அடுத்தது மென்பொருள். இலவசமான எல்.எம்.எம்.எஸ். மென்பொருளில், ஒவ்வொரு வாத்தியத்தின் "மிடி" பக்கத்திலும் உள்ளீட்டை இயக்கி, நமது பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாத்தியத்தின் வளைவு எல்லையையும் இரண்டு என அமைப்பது அவசியம். இரண்டும் பொருந்தாவிட்டால் சுருதி பிசகும்.

கவனிக்க வேண்டியவை

கை படாதபோதும் மாற்றியின் அளவு சற்றே ஊசலாடும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால் மட்டுமே கட்டளை அனுப்புமாறு நிரலில் கட்டுப்பாடு வைப்பது இதற்குத் தீர்வு. மாற்றி தானாக நடுவுக்குத் திரும்பாது என்பதால், நடுப்பகுதியில் சிறு இடைவெளியை "வளைவு இல்லை" எனக் கொள்வதும் நல்லது. ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் வளைவு ஒன்றாகவே பாதிக்கும். தனி இசைக்கு இது குறையல்ல.

வளையாத கருவியைத் தடை செய்வதே 1940-ல் வானொலி நிர்வாகம் கண்ட வழி. இன்று கருவியையே வளையச் செய்ய முடிகிறது. கட்டை எங்கே இருக்க வேண்டும் என்பதை இனி அதிகாரியோ ஆலையோ தீர்மானிக்க வேண்டியதில்லை, வாசிப்பவரே தீர்மானிக்கலாம்.