குறைந்த விலை என்பது எது? மின்தூக்கிப் பராமரிப்பு ஒப்பந்தமும் சுற்றுச்சூழலும்

பேச்சு வழக்கில் லிப்ட் எனப்படும் மின்தூக்கியைப் பராமரிக்க அரசு மருத்துவமனைகளும் அலுவலகங்களும் கோரும் ஒப்பந்தப்புள்ளிகளில், மாதம் எத்தனை முறை பணியாளர் வர வேண்டும், பழுதென்று அழைத்தால் எத்தனை மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பவை தவறாமல் இடம்பெறும். அந்தப் பணியாளர் வடித்தெடுக்கும் பழைய எண்ணெயும் கழற்றி எடுக்கும் மின்கலமும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதோ பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

சாயக்கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்று கொங்கு நாட்டாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதன் குறுக்கே 1992இல் பாசனத்துக்கெனக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர் தேங்கும் இடமாகிப்போனது. மின்தூக்கியின் கழிவு அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது என்பது உண்மையே. ஆயினும் மின்தூக்கி ஏறி இறங்கும் செங்குத்துப் பாதையின் அடியிலுள்ள குழியில் மழைக்காலத்தில் நீர் ஊறுவதும், வழிகாட்டிக் கம்பிகளிலிருந்து வழியும் எண்ணெய் அதில் கலப்பதும், அந்நீரை மோட்டார் வைத்து அருகிலுள்ள சாக்கடையில் இறைத்துவிடுவதும் எளிதில் நடக்கக்கூடியவை என்பதால், நொய்யல் நீரால் நிறையும் குளங்களைக் கொண்ட சூலூர் போன்ற ஊரில் இது அலட்சியப்படுத்தத்தக்கதன்று.

கியர் பெட்டியுள்ள இயந்திரங்களில் கியர் எண்ணெயும், எண்ணெயின் அழுத்தத்தால் மேலேறும் ஹைட்ராலிக் வகையில் தொட்டி நிறைய எண்ணெயும் இருக்கும். கியர் இல்லாத புதிய வகையில் இத்தொல்லை மிகக் குறைவு. மின்சாரம் தடைப்பட்டால் கூண்டை அடுத்த தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கும் ஏ.ஆர்.டி. என்னும் தானியங்கி மீட்புக் கருவி, பல இடங்களில் ஈய அமில மின்கலத்தால் இயங்குகிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், ‘பயன்படுத்திய எண்ணெய்’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே கியர் எண்ணெயையும் ஹைட்ராலிக் எண்ணெயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. அவ்விதிகளின்படி அபாயகரக் கழிவைப் பொதுவாக 90 நாள்களுக்கு மேல் தேக்கி வைக்கலாகாது. அதை அனுப்பும்போது படிவம் 10 எனப்படும் போக்குவரத்து ஆவணம் உடன் செல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளோ, தேய்ந்த மின்கலத்தைப் பிற குப்பையோடு சேர்க்காமல் சேகரிப்பிலோ மறுசுழற்சியிலோ ஈடுபட்டவரிடம் ஒப்படைக்கும் பொறுப்பைப் பயன்படுத்துவோர்மீதே சுமத்துகின்றன. எனவே ஒப்பந்ததாரர் எடுத்துச் சென்றுவிட்டார் என்று சொல்லி அலுவலகம் கைகழுவிவிட முடியாது.

‘சட்டப்படி குறைந்த விலை கேட்டவருக்குத்தானே தர வேண்டும்’ என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. இது பாதி உண்மை. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 10ஆம் பிரிவில், ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே குறிக்கப்பட்ட, அளந்தறியத்தக்க காரணிகளுக்கு உரிய எடை தந்து கணக்கிட்ட பின் எது குறைந்ததோ அதையே ஏற்கச் சொல்கிறது. ஆகவே பழைய எண்ணெயை முறைப்படி அகற்றியதற்கான ஆவணமோ மின்சாரச் செலவோ மதிப்பீட்டில் சேர வேண்டுமானால், அது முதலிலேயே ஆவணத்தில் அளவுகோலாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்னர் வாய்மொழியாகச் சொல்லும் நிபந்தனைக்கு மதிப்பில்லை. 2002இல் ஹெல்சிங்கி நகரப் பேருந்து ஒப்பந்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமும் ஏறத்தாழ இதையே சொன்னது: ஒப்பந்தப் பொருளோடு தொடர்புடையதாகவும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதாகவும் இருந்தால் சுற்றுச்சூழல் அளவுகோல் செல்லும்.

மின்சாரச் செலவிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆள் நடமாட்டம் குறைந்த அலுவலகத்தில், மின்தூக்கி ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தைவிட, விளக்கும் விசிறியும் கட்டுப்பாட்டுப் பலகையும் உயிரோடிருக்க அது சும்மா நிற்கும்போது இழுப்பதே கூடுதலாகிவிடலாம். ஐ.எஸ்.ஓ. 25745 என்னும் பன்னாட்டுத் தரம் இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கிறது. ஆளில்லாதபோது கூண்டின் விளக்கும் விசிறியும் தாமே அணைய வேண்டும் என்பது பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே சேர்க்கத்தக்க எளிய நிபந்தனை.

தீர்வுகளைப் பொறுத்தவரை, ஒப்பந்தப்புள்ளி முடிவால் பாதிக்கப்பட்ட போட்டியாளர், மேற்சொன்ன ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி ஆணை கிடைத்த பத்து நாள்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பொதுமக்களுக்கு அந்த வழி இல்லை. எண்ணெய் வடிகாலில் கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமும், மின்தூக்கியின் உரிமம், பாதுகாப்பு பற்றி மின் ஆய்வுத் துறையிடமும் புகார் அளிக்கலாம். சுற்றுச்சூழல் தொடர்பான முக்கிய வினா எழுந்தால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை, பிரச்சினை முதலில் எழுந்த ஆறு மாதங்களுக்குள் நாடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், அரசுக் கட்டடத்தின் மின்தூக்கிப் பராமரிப்பு ஒப்பந்த நகலையும் கடந்த ஆண்டு அகற்றிய எண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் உரிய ரசீதுகளையும் குடிமக்கள் எவரும் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். அடுத்த ஒப்பந்தப்புள்ளி வெளியாகும் முன்பே சூலூர் மக்கள் அந்த விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும்.